பச்சைக்கரைத் துண்டு

அந்தத் துண்டு என்னுடையதுதான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளாட்பாரக் கடையில் ஜோடியாக வாங்கியது. ஒன்றைத் துவைத்துப் போட்டால் இன்னொன்று தோளுக்கு ஆகும். சாயம் போகவே போகாது என்று கடைக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். முதல் துவையலிலேயே என் வேட்டி பாதி பச்சையாகிவிட்டது. இப்போது அந்தக் கரையில் பச்சை எங்கே இருந்தது என்று தேடத்தான் வேண்டும். ஆனாலும் என் துண்டை எனக்குத் தெரியாமல் போகுமா.

ரேஞ்சர் அம்மா, நேற்று உங்கள் ஆபீஸில் அதை மேசைமேல் விரித்து வைத்து, "பெரியவரே, இது யாரோடதுன்னு தெரியுமா?" என்று கேட்டீர்கள். எங்கே கிடைத்தது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "வூட்டுல போயி பாத்துட்டு வந்து சொல்றேம்மா" என்று எழுந்து வந்துவிட்டேன். அது பொய். பார்ப்பதற்கு வீட்டில் ஒன்றுமில்லை. வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் ஏதாவது கேட்பீர்கள், எனக்கு வரிசை தப்பிவிடும். பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் கோட்டை விட்டவன் நான். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் விஷயத்தையும் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் கொத்தனார் அருள்முருகனை விட்டுவிடச் சொல்லுங்கள். அவர் கட்டிய கிணற்றுச் சுவர் இடிந்துதான் பூவரசன் உள்ளே விழுந்து செத்தான் என்று கேஸ் எழுதியிருக்கிறார்கள். அந்த மனுஷன் தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார். மட்டமான கலவை என்று பேப்பரில் போட்டிருந்ததைப் படித்தபோது எனக்கே கோபம் வந்தது. அந்தச் சுவரைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. கடப்பாரையும் உளியும் வைத்து ஒரு மான் நுழைகிற அகலத்துக்குப் பெயர்க்க எனக்கு நான்கு சாயங்காலம் ஆனது. மட்டமான வேலை என்றால் அரை நாளில் பெயர்ந்திருக்கும். அதை அடைத்து இரண்டாவது தடவை கம்பி வைத்துக் கட்டினார். அதைப் பெயர்க்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. நல்ல கொத்தனார்.

நீங்கள் அவசரப்பட்டு எதுவும் நினைத்துவிட வேண்டாம். பூவரசனை என் கூடப்பிறந்தவனாகத்தான் நினைத்திருந்தேன். அவன் சாக வேண்டும் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் உங்களுக்கே புரியும்.

நீங்கள் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்பு நெடுங்கரடு காப்புக்காட்டைச் சுற்றி இருந்த ஒன்பது கிணறுகளில் ஒன்றுக்குக்கூடச் சுவர் கிடையாது. எல்லாம் தரைமட்டக் கிணறுகள். காட்டுக்கும் எங்கள் கொல்லைகளுக்கும் நடுவில் வண்டிப்பாதை ஒன்றுதான். கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றியதும் புள்ளிமான்கள் பாதையைத் தாண்டி மக்காச்சோளத்துக்குள் இறங்கும். நாய் துரத்தும். இருட்டில் ஓடி வருகிற மானுக்குக் கிணறு எங்கே தெரியப் போகிறது. விடிந்ததும் யாராவது ஓடி வந்து, "மான் விழுந்து கெடக்கு" என்பார்கள். என்னைத்தான் தேடி வருவார்கள்.

முதல் மானைத் தூக்கியது பத்து, பதினொரு வருஷம் முன்பு. அன்றைக்குக் கிணற்றைச் சுற்றி நாற்பது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பூவரசன் மட்டும்தான் சட்டையைக் கழற்றினான். அவன் கிணறு வெட்டுகிறவன், பாறைக்கும் தண்ணீருக்கும் பழகிய உடம்பு. நான் மேலே கயிறு பிடித்தேன். அன்று தொடங்கி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு முறை அமைந்துவிட்டது. அவன் கயிற்றில் இறங்குவான். மானைப் பின்பக்கமாக நெருங்கிக் கழுத்தோடு அணைத்துப் பிடிப்பான். நான் மேலிருந்து துண்டைப் போடுவேன். முதலில் கண்ணைக் கட்ட வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டால் மான் அடங்கிவிடும். பிறகு நாலு காலையும் சேர்த்துக் கட்டி, வயிற்றுக்குக் கீழே சாக்கைக் கொடுத்து, அதே கயிற்றில் மாட்டிவிடுவான். மரக்கிளையில் கப்பி போட்டு நான் இழுப்பேன். முதலில் மான், அப்புறம் ஆள். மானைக் காட்டு ஓரத்துக்குத் தூக்கிப் போய்க் கால் கட்டை அவிழ்ப்பேன். கண் கட்டை அவிழ்ப்பதுதான் கடைசி வேலை. துண்டை எடுத்த நொடியில் அது பாய்ந்து போய்விடும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நான் திரும்பி வருவேன்.

இப்படி முப்பத்தொரு மான். பேப்பரில் ஒருமுறை இருபத்தெட்டு என்று போட்டுவிட்டார்கள். நான் நிருபருக்குப் போன் செய்து திருத்தச் சொன்னேன். அவர் சிரித்தார், திருத்தவில்லை.

கால் கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் மானைக் கொஞ்ச நேரம் மடியில் போட்டுக்கொள்வேன். இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. அதன் நெஞ்சு என் கை முழுக்க அடித்துக்கொள்ளும். உடம்பு சூடாக இருக்கும், தண்ணீர் சொட்டும், மூக்கு மட்டும் துண்டுக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். உலகத்தில் இந்த ஒரு உயிருக்கு இந்த நிமிஷம் என்னைவிட்டால் யாரும் இல்லை என்று தோன்றும். என் மனைவி பச்சையம்மாள் பேரனைப் பார்த்துக்கொள்ள மகனோடு திருப்பூருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. "மானக் கட்டிக்கிட்டே அழு, எங்களுக்கு நேரமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மகன் தீபாவளிக்குப் போன் செய்வான். மானை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எந்த மனக்குறையும் இருந்ததில்லை.

கால்நடை டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கடிந்துகொண்டார். "பெரியவரே, மேல ஏத்துனதும் விட்ருங்க. மடியில வெச்சுக் கொஞ்சாதீங்க. அடங்கிக் கெடக்குதுன்னு நீங்க நெனைக்கிறீங்க. அது பயத்துல உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கும். ஓடிப்போன மானுகூட ரெண்டு நாள் கழிச்சுக் காட்டுக்குள்ள விழுந்துரும்" என்றார். அவர் வயதுக்கு அவர் எத்தனை மானைத் தொட்டிருப்பார். என் மடியில் இருந்தது பயமா நிம்மதியா என்று எனக்குத் தெரியாதா.

ஊரும் என்னை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியிருந்தது. மேலக்கொல்லை இளையபெருமாள் என்ற பெயர் போய் மான்காரர் ஆகிவிட்டேன். அரும்பாவூரில் டீ குடிக்கப் போனால் பெஞ்சில் இடம் விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். குடியரசு தினத்தில் கலெக்டர் கையால் சான்றிதழ் வாங்கினேன். பூவரசனுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை. சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு ஆணியடித்து மாட்டிக் கொடுத்தது அவன்தான்.

ஒவ்வொரு வருஷமும் குறைதீர்க்கும் நாளில் நான் மனு கொடுப்பேன். கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டித் தாருங்கள், வாயில்லா ஜீவன்கள் விழுந்து சாகின்றன என்று எழுதுவேன். ஒன்பது மனு. பதிலே வராது. வராது என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. பிறகு நீங்கள் வந்தீர்கள். ஸ்கூட்டியில் எங்கள் கொல்லைக்கே வந்து, "உங்க மனுவ வெச்சுத்தாங்க பணம் வாங்கினேன். ஒம்பது கெணத்துக்கும் சுவர் வருது" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டியும் கட்டினீர்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அதில் பொய் இல்லை. அருள்முருகன் ஆட்களுக்கு நானே மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தக் கோடையில் ஒரு மான்கூட விழவில்லை.

விடிகாலையில் எழுந்து உட்கார்ந்திருப்பேன். கயிறு ஆணியில் தொங்கும். யாரும் ஓடி வர மாட்டார்கள். சித்திரை போனது, வைகாசி போனது. ஆடியில் டீக்கடையில் ஒரு பையன் என்னைப் பார்த்து, "பெரியவரே, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்றான். அவன்மேல் தப்பில்லை, வெளியூர்க்காரன். பூவரசனிடம் சொன்னேன், மானெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை என்று. அவன் சிரித்துக்கொண்டே, "எங்கயும் போவலண்ணே. உள்ளயே தண்ணி குடிச்சுட்டு நல்லா இருக்கு. நாம தப்பிச்சோம்" என்றான். நாம என்று சொன்னான். எனக்கு அழுகையாக வந்தது. நான் சாவதற்கு முன்னாலேயே என்னைத் தூக்கிப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

சாமிக்கண்ணு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டதால் அவர்கள் கிணற்றை யாரும் இறைப்பதில்லை. காட்டு ஓரத்தில் ஒதுங்கி இருக்கிறது. கரையில் ஒரு புங்கமரம், கப்பி போட வாகானது. கிணற்றுக்குள் ஒரு பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் பாறைத் திட்டு உண்டு. விழுகிற மான் அதில் ஏறி நின்றுகொள்ளும், சாகாது. இதையெல்லாம் யோசித்துத்தான் அந்தக் கிணற்றை எடுத்துக்கொண்டேன். மானைச் சாகடிக்க நினைத்தவன் இப்படியெல்லாம் பார்க்க மாட்டான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

காட்டுப் பக்கம் சுவரில் வழி வைத்தேன். பகலில் முள்ளை இழுத்து மூடிவிடுவேன், ஆடு மாடு விழக் கூடாது. நாள் பார்த்து, சாயங்காலம் முள்ளை எடுத்துவிட்டு, அந்தச் சந்துக்கு உள்பக்கம் கிணற்று விளிம்பில் காய்ந்த கடலைக்கொடியை ஒரு கட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். கடலைக்கொடி என்றால் மானுக்கு உயிர். நான் எந்த மானையும் தள்ளியதில்லை, துரத்தியதில்லை. படுத்துத் தூங்கிவிடுவேன். காலையில் போய்ப் பார்ப்பேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு கடா மான் திட்டின்மேல் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பூவரசன் வீட்டுக்கு ஓட்டமாக ஓடினேன்.

மழையில் சுவர் இடிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் வந்து பார்த்து, அருள்முருகனைக் கூப்பிட்டு மறுபடி கட்டச் சொன்னீர்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "எப்படிங்கம்மா இடியும், நானே நின்னு கட்டுனேன்" என்று முணுமுணுத்தார். மறுபடி கட்டினார். மறுபடி வழி வைத்தேன்.

ஒன்றேகால் வருஷத்தில் ஆறு மான். ஐந்தை உயிரோடு விட்டேன். ஒன்று சினை மான். அது திட்டில் ஏறவில்லை, பாறையில் மோதிவிட்டது. பூவரசன் அதைத் தூக்கி வரும்போதே அதன் வயிற்றிலிருந்து குட்டி நழுவி அவன் கையில் விழுந்தது. அவன் அதைச் சட்டையில் சுற்றி மேலே கொண்டுவந்தான். பல் முளைக்காத வாயைத் திறந்து ஊதிப் பார்த்தான். அப்புறம் அவனே குழி தோண்டினான். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான். ஜெயசித்ரா, அவன் பெண்டாட்டி, வாசலிலேயே நிறுத்தி என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டாள். "இனிமே மான் மயிலுன்னு இவரக் கூப்புட வராதீங்கண்ணே. ராத்திரியெல்லாம் குட்டி குட்டின்னு பொலம்புறாரு" என்றாள். எனக்கும் அந்தக் குட்டியை மறக்க முடியவில்லை. அது நடந்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு சுவரில் இருந்த வழியைக் கொஞ்சம் திட்டுப் பக்கமாக மாற்றி வைத்தேன்.

இப்போது மாசி மகத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் வேன் பிடித்துக் கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். ஜெயசித்ராவும் போயிருந்தாள். காலை ஆறரை இருக்கும், கிணற்றில் ஒரு வயதுப் பெட்டை மான் நின்றது. இருபத்தைந்து கிலோகூட இருக்காது, இரண்டு பேர் போதும். பூவரசனைப் போய்க் கூப்பிட்டேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

"இதாண்ணே கடைசி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லு சுரங்கத்துல வேல கெடச்சிருக்கு. திங்கக்கெழம சேரணும். ஜெயசித்ராகிட்ட சத்தியம் பண்ணிட்டேன்" என்றான்.

நான் சரி என்றேன். வழியெல்லாம் இனிமேல் யார் இறங்குவார்கள் என்ற யோசனைதான். கிணற்றுக்குள் நான் இறங்க முடியாது, எனக்கு மூட்டு வலி.

எங்களிடம் இருந்தது ஒரே கயிறு. அவன் இறங்கினான். துண்டைப் போட்டேன், மானின் கண்ணைக் கட்டினான். காலையும் கட்டினான். கயிற்றை மாட்டுவதற்கு முன் நின்றுவிட்டான். தண்ணீரிலிருந்து எதையோ எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இங்க கடலக்கொடி கெடக்கு."

"காத்துல வந்து விழுந்திருக்கும்" என்றேன்.

"கட்டாக் கெடக்கு. காத்து கட்டிக் கொண்டாந்து போடுமா?"

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்போது எல்லோரும் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மாறிவிட்டார்கள். பழக்கம் விடாமல் கடலை போடுகிறவன் நான் ஒருவன்தான். அந்தக் கொடிக்கு வேறு சொந்தக்காரன் யாரும் இருக்க முடியாது. மக்காச்சோளத் தட்டையை வைத்திருக்கலாம். அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பின்னால் பலமுறை யோசித்தேன். மானுக்கு எது பிடிக்கும் என்று பார்த்தேனே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அவன் அண்ணாந்து சுவரில் இருந்த சந்தைப் பார்த்தான். உளி பட்ட இடம் கீழிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. வெகுநேரம் பார்த்தான்.

"இந்த வருசம் கடல போட்டது நீங்க ஒருத்தருதானண்ணே" என்றான். அப்புறம், "அந்தச் சினை மானும் நீங்கதானா?" என்று கேட்டான்.

"மொதல்ல மான ஏத்துவோம் பூவரசு. அப்புறமாப் பேசிக்கலாம்" என்றேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்காது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அழுதான். அழுதுகொண்டேதான் கயிற்றை மாட்டினான். முடிச்சைச் சரியாகப் போட்டான், இரண்டு தடவை இழுத்தும் பார்த்தான். அந்த நிலையிலும் அவன் மானைச் சரியாகக் கட்டினான் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

இழுத்தேன். சந்துக்கு நேராக வரும்போது மான் உடம்பை ஒரு உதறு உதறிச் சுவரில் மோதியது. ஏற்கெனவே நான் ஆட்டி வைத்திருந்த இரண்டு கல் சரிந்து உள்ளே விழுந்தன. கீழே ஒரு சத்தம் கேட்டது. நான் மானை வாங்கிக் கரையில் போட்டுவிட்டுத்தான் எட்டிப் பார்த்தேன். பூவரசன் திட்டிலிருந்து வழுக்கி ஆழத்துக்குப் போயிருந்தான். ஒரு கையால் பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, தோள்ல பட்டுருச்சு. கை தூக்க முடியல. கயித்தப் போடுங்க."

கயிறு மானின் வயிற்றில் இருந்தது. அதை அவிழ்க்க ஒரு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். கல் விழுந்த சத்தத்தில் மான் என் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இருடா, மான விட்டுட்டு வந்துடறேன்" என்றேன்.

அவன் மறுபடி கத்தினான். "சத்தம் போடாத பூவரசு, மான் மெரளும்" என்று சொல்லிவிட்டு மானைக் கயிற்றோடு தூக்கிக்கொண்டு நடந்தேன்.

முதலில் மான், அப்புறம் ஆள். பத்து வருஷமாக அதுதான் எங்கள் முறை, அவனும் ஒத்துக்கொண்டது. கிணற்றிலிருந்து காட்டு ஓரம் இருநூறு அடி. போய்விட்டுத் திரும்பப் பத்து நிமிஷம் போதும். அன்றைக்கு மான் ரொம்பவும் நடுங்கியதால் ஒரு உசிலை மரத்தடியில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து அவன் குரல் கேட்டது. முதலில் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டான். பிறகு இளையபெருமாள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இத்தனை வருஷத்தில் அவன் என் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். அப்புறம் ஜெயசித்ராவைக் கூப்பிட்டான். அவள் கொள்ளிடத்தில் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டான் போலிருக்கிறது. மான் ஒவ்வொரு சத்தத்துக்கும் காதை விறைத்தது. நான் கையால் காதைப் பொத்தினேன். மானின் காதைத்தான்.

எழுந்து போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு உயிரைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவது எனக்குப் பழக்கமில்லை. மேலே ஏறியதும் அவன் பேசுவான் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், மறைத்ததாக இருக்கக் கூடாது. உங்களிடம்தான் முதலில் வந்திருப்பான். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்களே, அந்த நாளை நினைத்துக்கொண்டேன்.

குரல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் வந்துவிட்டது. கிணற்றுக்குத் திரும்பியபோது தண்ணீர் அசையாமல் இருந்தது. கடலைக்கொடிக் கட்டு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அதைக் கொக்கிக் கம்பால் எடுத்தேன். கயிற்றையும் கப்பியையும் வீட்டில் கொண்டுபோய் மாட்டினேன். அப்புறம்தான் ஊருக்குள் போய், பூவரசன் கிணற்றில் விழுந்து கிடக்கிறான், சுவரில் சாய்ந்திருப்பான் போலிருக்கிறது, சுவர் இடிந்திருக்கிறது என்றேன். எல்லோரும் அதை நம்பினார்கள். கிணற்றில் விழுந்ததை வந்து சொல்கிற ஆள் நான்தானே.

மத்தியானம் வேன் திரும்பியது. ஜெயசித்ரா ஈரப் புடவையோடு இறங்கி ஓடி வந்தாள். அழுது அழுது குரல் போன பிறகு என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க அங்க இருந்திருந்தா எங்க வூட்டுக்காரரத் தூக்கியிருப்பீங்களேண்ணே. எத்தன மானத் தூக்குனீங்க, இவர ஒருத்தரத் தூக்க நீங்க இல்லாமப் போயிட்டீங்களே" என்றாள். நான் அவள் தலையைத் தொட்டேன். அன்று முழுக்க அழுதேன், நடிக்கவில்லை. பூவரசனைப்போல ஒரு ஆள் எனக்கு இனிமேல் கிடைக்கப் போவதில்லை.

சுவர் இடிந்தது எப்படி என்பதைச் சொல்லிவிட்டேன். அருள்முருகன் கட்டிய மற்ற எட்டுச் சுவரும் கல்லாக நிற்கின்றன, போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெயசித்ராவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன், ஜீப்பை அனுப்பினால் வந்துவிடுகிறேன்.

இன்னொன்று துண்டு. அது காட்டுக்குள் எப்படிப் போனது என்பதுதானே உங்கள் கேள்வி. உசிலை மரத்தடியில் அந்தப் பெட்டை மான் என் மடியில் வெகுநேரம் நடுங்கியது. காதை அதன் நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் படபடவென்று அடித்தது. பூவரசன் குரல் நின்ற பிறகு மெதுவானது. அப்புறம் காதை எவ்வளவு அழுத்தி வைத்தும் எதுவும் கேட்கவில்லை. கழுத்தை என் கைமேல் அப்படியே போட்டுவிட்டது. முப்பத்தெட்டு மானில் ஒன்றுகூட அவ்வளவு நம்பி என்னிடம் அடங்கியதில்லை. நிழல் பார்த்துச் சருகின்மேல் படுக்க வைத்தேன். கால் கட்டை அவிழ்த்தேன். கண் கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை, நல்ல தூக்கத்தில் இருந்ததை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.